மேலூர் நாயின் மேல் குற்றமில்லை

என் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு கல்தொட்டி கிடக்கிறது. ஒற்றை ஆள் தூக்க முடியாத கனம். அதன் ஒரு விளிம்பு மட்டும் வழுவழுவென்று உள்வாங்கித் தேய்ந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக நாய்கள் கழுத்தை வைத்துக் கூழ் குடித்த இடம் அது. என் பேரன் வெகுகாலம் அதை உடைந்த ஆட்டுரல் என்று நினைத்திருந்தான். நாய்த்தொட்டி என்று தெரிந்ததும் மருமகள் ஒருநாள், "இத எதுக்கு மாமா வாசல்ல வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். தொட்டியைப் பற்றிச் சொல்வதென்றால் என் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். இத்தனை வயதுக்கு மேல் அதை மறைத்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மதினி என் மூத்த அண்ணனின் மனைவி. அவர் எங்கள் வில்லாபுரத்து வீட்டுக்கு மணமகளாக வந்த வண்டியில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு நாய்க்குட்டியும் இறங்கியது. அவர் பிறந்த ஊர்ப்பக்கம் பெண்ணுக்குச் சீராக நாய் கொடுப்பது வழக்கம். அந்த நாய் இனத்துக்குக் கன்னி என்று பெயர். ஒடுங்கிய நீண்ட முகம், ஒட்டிய வயிறு, கரிய உடம்பு, கண்களுக்கு மேலே பழுப்பில் இரண்டு பொட்டு. முயலை விரட்டி ஓடினால் வரப்பில் கால் படுவது தெரியாது. கல்யாணமான சில வருஷங்களில் அவருடைய பிறந்த வீட்டு நாய்கள் ஒரு கோடையில் நோய் கண்டு ஒட்டுமொத்தமாக மாண்டுபோயின. அக்கம்பக்கத்து ஊர்களிலோ ஒன்றிரண்டு தவிர எல்லாம் தெருநாயோடு கலந்துவிட்டன. சீராக வந்த அந்த ஒரு குட்டியின் வழிதான் மிஞ்சியது. அதைக் காப்பாற்றுவது தன் வேலை என்று மதினி எடுத்துக்கொண்டார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அது லேசான வேலையில்லை. விடியும் முன்பே அடுப்பில் கம்பங்கூழ் கொதித்துக்கொண்டிருக்கும். ஆறவைத்து மோர் விட்டுக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார். ஒவ்வொரு நாயாக அவிழ்த்துவிட்டு, ஒன்று குடித்து முடித்த பிறகே அடுத்தது. பிறகு உண்ணி பார்ப்பார், பாதத்தில் முள் எடுப்பார், வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவுவார். அதற்குப் பின் வயல், மாடு, சமையல், அண்ணனின் கோபம் எல்லாம் இருந்தன. தெற்குவாசலில் கறிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் எலும்பும் சவ்வும் சேர்த்து வைத்திருப்பார். வாரம் ஒருமுறை மதினி கூடையோடு போவார். "வா தங்கச்சி, ஒன் புள்ளைகளுக்கு பிரியாணிதான் போடல, மத்ததெல்லாம் இருக்கு" என்பார் பாய். "பிரியாணி போட்டா அதுக ஒங்க வீட்டுக்கே வந்துரும் பாயண்ணே, அப்பறம் எலும்ப யாருக்குக் குடுப்பீக?" என்பார் மதினி. அவருக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சில் ஒரு வலி இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மதினி குட்டிகளை விற்கமாட்டார். வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்பவருக்குக் கொடுப்பார், அதுவும் விசாரித்து. "வீட்ல கூழ் ஊத்துற பொம்பள யாரு? அவுகளக் கூட்டிட்டு வாங்க, ஒங்களப் பாத்து என்ன செய்ய?" என்று மீசைக்காரர்களைத் திருப்பி அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்பவர் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: நாயைத் தெருநாயோடு சேரவிடக்கூடாது, தலையீத்தில், அதாவது முதல் ஈற்றில், ஒரு பெட்டைக்குட்டி மதினிக்குத் திரும்பி வர வேண்டும். தன் வீட்டில் நோய் வந்து எல்லாம் போனாலும் ஊர்களில் வித்து இருக்கும் என்பது அவர் கணக்கு. வாக்குத் தவறியவருக்கு அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சில்லை, தண்ணீரும் இல்லை. எந்த நாயைக் காட்டினாலும் அதன் தாய், தாயின் தாய், அது எந்த ஊரில் யார் வீட்டில் ஈன்றது என்று சொல்லுவார். எழுத்து அவருக்குத் தெரியாது. அவர் சொல்வதுதான் அந்த நாய்களுக்குச் சாட்சி. ஊர்களும் அதை அப்படியே நம்பின.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். தானியம் கிடைக்காமல் மதினி நாய்களைக் குறைத்துக்கொண்டு வந்தார். ஊர்களில் கொடுத்திருந்தவையும் அருகிப்போயின. கடைசியில் மின்னி என்ற ஒரே பெட்டையும், அவளுக்கு உறவான ஓரிரு ஆண் நாய்களும் மிஞ்சின. மின்னிக்கு உறவில்லாத சுத்தமான ஆண் நாய் எங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒன்றுதான் இருந்தது. மேலூருக்கு அப்பால், விவசாயம் பார்த்துவந்த ஒரு சம்சாரி வீட்டில். எப்போது கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். மின்னி பருவத்துக்கு வந்தபோது எங்கள் வயலில் அறுப்பு. அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு கிடந்தார். மதினி என்னிடம் வந்தார். "அறுப்பு முடியுற வரைக்கும் இவ காத்திருக்க மாட்டா தம்பி. நீங்கதான் போயிட்டு வரணும். ரெண்டு நாள் தங்கி, சேந்ததக் கண்ணால பாத்துட்டுக் கூட்டியாங்க" என்றார்.

நான் காலேஜில் படித்தவன். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மேலூருக்குப் போவது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சம்மதித்தேன். லீவு கேட்பதற்காகப் போகும் வழியில் ஜட்கா வண்டியை எங்கள் கம்பெனித் துரையின் பங்களாவில் நிறுத்தினேன். துரை வராந்தாவில் நின்றிருந்தார். அதுவரை என்னை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. மின்னியைக் கண்டதும் படியிறங்கி வந்தார். அவள் தோளைத் தடவினார், காலைத் தூக்கிப் பார்த்தார், என்னை உட்காரச் சொன்னார். அவரிடம் சீமையிலிருந்து வந்த வேட்டை நாய் ஒன்று இருந்தது. இரண்டையும் சேர்த்தால் அருமையான குட்டிகள் கிடைக்கும், எதற்கு மேலூர் வரை போகிறாய் என்றார். அவர் என்னை மிரட்டவில்லை, எதுவும் தருவதாகவும் சொல்லவில்லை. துரையோடு நாற்காலியில் சமமாக உட்கார்ந்து பேசிய அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதுமாக இருந்தது. மின்னியை அங்கே விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். நான் மேலூரில் இருப்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்த இரண்டு நாளும் ஒரு சிநேகிதன் அறையில் தங்கினேன்.

திரும்பி வந்தபோது மதினி மின்னியை மோந்து பார்த்தார். "என்ன தம்பி, சோப்பு வாசம் அடிக்குது?" பங்களாவில் வேலைக்காரன் அவளைக் குளிப்பாட்டியிருந்தான். சேற்றில் விழுந்துவிட்டாள், மேலூரில் குளிப்பாட்டினார்கள் என்றேன். மதினி விழுந்து விழுந்து சிரித்தார். "மேலூர்க்காரவுக சோப்புப் போட்டு நாயக் குளிப்பாட்டுனாகளா? அவுக போட்டுக் குளிச்சே நான் பாத்ததில்லையே!" நானும் சிரித்தேன்.

குட்டிகள் கறுப்பாகவே பிறந்தன. எலும்பு கொஞ்சம் தடித்திருந்ததை மதினி கவனித்தார். அப்பனைக் கொண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். ஆண் நாய் வீட்டுக்கு ஒரு குட்டி கொடுப்பது முறை. நானே மேலூரில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்த் துரையிடம் கொடுத்தேன். மற்றவை வெற்றிலை பாக்கு வைத்தவர்களோடு ஊர் ஊராகப் போயின. "மேலூர் நாயிக்கும் நம்ம மின்னிக்கும் பொறந்தது, மாசு மருவில்ல" என்று ஒவ்வொரு குட்டியின் தலையிலும் கைவைத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் குட்டிகள் வளர்ந்து ஈன்றன. முதலில் வாக்குக்குக் குட்டி கொண்டுவந்தவர் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். நல்ல மனிதர். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த குட்டியைத் தரையில் விட்டுவிட்டுச் சங்கடமாகச் சிரித்தார். அதன் நாலு பாதமும் மார்பும் வெள்ளை. காது பின்பக்கமாக மடிந்திருந்தது.

"தொரை மாதிரி பூட்ஸு போட்டுக்கிட்டுப் பொறந்திருக்கு ஆத்தா, எங்குட்டுருந்து வந்துச்சுன்னே தெரியல" என்றார்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. குட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கட்டிப் போட்டுத்தான் வச்சிருந்தீகளா?" என்று கேட்டார்.

"எம் புள்ள மேல சத்தியமா ஆத்தா. நீ சொன்ன நாயோடதான் சேத்தேன். எங்க வீட்டுப் பொம்பள ராவும் பகலும் காவலிருந்தா."

"சத்தியம் எதுக்கு, அதான் கால்ல எழுதியிருக்கே. இத எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே இந்த வாசலுக்கு வராதீக."

கொடிக்கால்காரர் கையில் பிடித்திருந்த செம்புத் தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். கண்ணில் நீர் நின்றது. அத்தனை பேருக்கு முன்னால் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் இருந்தார், ஊரார் இருந்தார்கள், என் வெள்ளைச் சட்டை இருந்தது. சொல்லவில்லை.

பிறகு அவனியாபுரத்திலிருந்து வந்த குட்டிக்கும் அதே வெள்ளைப் பாதம். குற்றம் வாங்கியவர்களிடம் இல்லை, தான் கொடுத்ததில்தான் இருக்கிறது என்று மதினிக்கு அன்று புரிந்தது. மாட்டுக் கொட்டிலில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். குரலில் சந்தேகமே இல்லை. ஒரு விவரம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"தம்பி, மேலூருக்குத்தான போனீக? அந்த நாயிதான சேந்துச்சு?"

"ஆமா மதினி, கண்ணால பார்த்தேன்."

முதல் பொய்யை விட இந்தப் பொய்தான் பெரியது. அன்று அதன் அளவு எனக்குத் தெரியவில்லை. என் வார்த்தையை வைத்து மதினி முடிவு செய்தார்: அப்படியானால் மேலூர் நாயின் ரத்தத்தில்தான் கலப்பு இருக்கிறது. அதன் சொந்தக்காரரிடம் சொன்னால் மனசு நோகும் என்று சொல்லாமலே விட்டார். மின்னியை மறுபடி அங்கே அனுப்பவில்லை. அவளுக்கு உறவில்லாத வேறு ஆண் நாயும் இல்லை. குட்டி கொடுத்த ஒவ்வொரு ஊருக்கும் வெயிலில் நடந்தே போனார். பிழை தன் மேல், இதை இனி ஈனவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சோழவந்தானுக்கும் போனார். கொடிக்கால்காரர் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், நாயைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதைக் குட்டிகளோடு ஒரு மாட்டு வியாபாரியிடம் தள்ளிவிட்டிருந்தார். அடுத்த கோடையில் மேலூர் நாய் செத்த சேதி பாய் மூலமாக வந்தது. மின்னி வயதாகி, கொட்டில் ஓரத்தில் படுத்தபடியே போனாள். அவளைப் புதைத்துவிட்டு வந்த மதினி தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலையில் பழக்கத்தில் அடுப்பில் கூழை ஏற்றிவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

துரைகள் எல்லாம் கப்பலேறிப் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அதைத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். சொல்வதால் எனக்கு நஷ்டமாக ஒன்றும் மீதியில்லை, அவ்வளவுதான். ஒரு மத்தியானம் மதினி முற்றத்தில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பங்களா, சோப்பு, துரைக்குக் கொடுத்த குட்டி, கொட்டிலில் சொன்ன பொய், எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கை மட்டும் மிளகாயில் அளைந்துகொண்டிருந்தது.

"அப்ப மேலூர் நாயி மேல குத்தமே இல்ல" என்றார்.

ஒரு மிளகாயின் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "நான் கேட்டன்னிக்கு அது உசுரோட இருந்துச்சே தம்பி. மின்னியும் இருந்தா" என்றார். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் அவர் மேலூருக்குப் போனதை அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். உங்கள் நாயைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அந்தச் சம்சாரியிடம் சொன்னாராம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நாயி செத்தே எம்புட்டோ நாளாச்சே, இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வெயில்ல வந்தீக?" என்று கேட்டிருக்கிறார். சோழவந்தானுக்கும் இன்னொரு முறை போய்வந்தார். அங்கே என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகும் நான் வில்லாபுரம் போனால் மதினி இலை போட்டுச் சாதம் வைத்தார், இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா என்று கேட்டார். தம்பி என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. ஒருநாள் மாட்டுவண்டி ஒன்று இந்தத் தொட்டியைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கியது. வண்டிக்காரனிடம் கேட்டேன். "ஒங்க வீட்ல எறக்கச் சொன்னாக, வேற ஒண்ணும் சொல்லல" என்றான். அவர் இறந்தபோது நான் போனேன். குழிமண் போடுவதற்கு அண்ணன் என்னை முன்னால் கூப்பிட்டார். நான் கடைசியாகப் போட்டேன்.

இப்போது தினமும் சாயங்காலம் தொட்டியில் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். தெருநாய்கள் வந்து குடிக்கின்றன. நேற்று புதிதாக ஒன்று வந்தது. கறுப்பு, நீண்ட முகம், முன்னங்கால் பாதம் இரண்டும் வெள்ளை. தேய்ந்த விளிம்பில் கழுத்தை வைத்துக் குடித்தது. அதன் தாய் எது, தாயின் தாய் எது, எந்த ஊரில் யார் வீட்டில் ஈன்றது என்று எனக்குத் தெரியவில்லை. குடித்து முடித்து அது என்னை ஏறிட்டுப் பார்த்தது. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.