ஆறவைத்த கீரை

1996-ஆம் வருடம். கல்யாணமாகி இரண்டாவது வருடம். பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டின் கீழே, ஓர் அறையும் சமையற்கட்டுமாக நானும் கணவரும் குடியிருந்தோம். அவருக்கு லேத் பட்டறையில் வேலை. நான் மூன்று மாதக் கர்ப்பம். முந்தைய வருடம் ஒன்று தங்காமல் போயிருந்ததால், இந்த முறை பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பத்தூரில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவரை விட்டுவிட்டு அம்மாவாலும் வர முடியவில்லை.

மசக்கை எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு வந்தது வேறு மாதிரி. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் எனக்கு இங்கே குமட்டும். சோறு கொதிக்கும் வாசம்கூட ஆகாது. ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வரும். எடை இறங்கிக்கொண்டே வந்தது.

"இப்படியே போனா அட்மிட் பண்ணிடணும்மா. நீ சாப்பிடலைன்னா உள்ள இருக்கறது எதைச் சாப்பிடும்?" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். இதுவும் போய்விடும் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

கணவர் பாவம், வேலைக்குப் போகும் முன்பே ரசம் வைத்து, சாதம் குழைத்து, ஆவி பறக்க நீட்டுவார். "சூடா இருக்கும்போதே ரெண்டு வாய் சாப்பிட்டுடு." வீட்டுக்காரம்மாவும் தன் பங்குக்குக் கொதிக்கக் கொதிக்கக் கஷாயம் கொண்டுவருவார். கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். உள்ளே தங்குகிறதா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் எனக்கு.

மாடியில் ஒரு கிரேக்கப் பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவர் நம் தமிழ்க்காரர், கப்பலில் இன்ஜினியர். ஏதோ துறைமுக ஊரில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாராம். அவளை இங்கே விட்டுவிட்டு மறுபடியும் கப்பலேறியிருந்தார். காய்காரரிடம் கற்றுக்கொண்ட நாலு வார்த்தைக் கன்னடமும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் அவளுக்குத் துணை. என் இங்கிலீஷ் அதைவிட மோசம். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

பக்கத்துக் காலி மனையில் காலையில் குனிந்து குனிந்து எதையோ பறிப்பாள். "வெள்ளைக்காரம்மா புல்லு புடுங்கி சாரு வெக்குது நோடு" என்று வீட்டுக்காரம்மா கன்னடமும் தமிழுமாகச் சொல்லிச் சிரிப்பார். புல்லைப் பிடுங்கிக் குழம்பு வைக்கிறாள் பார் என்கிறார். ஜன்னலில் உற்றுப் பார்த்தேன். புல் இல்லை. தானாக முளைத்துக் கிடந்த தண்டுக்கீரையும் பருப்புக்கீரையும். கடல் தாண்டி வந்தவளுக்கு இது எப்படித் தெரியும் என்று ஆச்சரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஓங்கரித்த சத்தம் மாடிக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. இறங்கி வந்து வாசலில் நின்றாள். கணவர் கையில் ஆவி பறக்கும் ரசம் சாதம். நான் வாய் கழுவிவிட்டு வந்தேன். அவர் மறுபடியும் தட்டை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். மறுபடியும் ஓடினேன். அவள் ஆவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணவரிடம், "பிசி பேடா" என்றாள். சூடு வேண்டாம் என்கிறாள்.

"இல்ல மேடம், சூடா சாப்பிட்டாத்தான் ஒடம்புல ஒட்டும்" என்றார் இவர், அவளுக்குப் புரியாத தமிழில். தலையை ஆட்டிக்கொண்டே மாடியேறிப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் ஒரு தட்டோடு வந்தாள். உப்புப் போட்டு வேகவைத்த அதே கீரை. கடையவில்லை, தாளிக்கவில்லை. பூண்டோ மிளகாயோ எதுவும் கிடையாது. பக்கத்தில் பிரெட். என் முன்னாலேயே எலுமிச்சம்பழம் பிழிந்தாள். பிறகு ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து அப்படியே கவிழ்த்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ஆலிவ் எண்ணெய். குழந்தைக்கு உடம்பில் தடவத்தான் எங்கள் தெருவில் வாங்குவார்கள்.

"நன்ன மனெ, தினா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவள் வீட்டில் தினமும் இதுதான் சாப்பாடாம்.

தட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுத்தமாக ஆறிப்போயிருந்தது. நம் பக்கம் ஒருவருக்கு ஆறினதைப் போட்டால், இனிமேல் வராதே என்று அர்த்தம். இவளோ காலையிலேயே சமைத்து, மூடி வைத்து, ஆறும் வரை காத்திருந்து எடுத்து வந்திருக்கிறாள். அப்படி ஆறினால்தான் ருசி கூடுமாம். இதை அவள் சொல்லிப் பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

தரையில் சம்மணம் போட முயன்று, வராமல், காலை நீட்டி உட்கார்ந்தாள். தட்டை நடுவில் வைத்தாள். பிரெட்டைப் பிய்த்து, கீரைச் சாற்றில் தோய்த்து, தன் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த வாசமும் வரவில்லை. இத்தனை நாள் என்னை விரட்டியது சாப்பாடே இல்லை, அதன் ஆவி. அன்பாகச் சூடு பண்ணிச் சூடு பண்ணி, அந்த ஆவியைத்தான் என் மூக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாய் எடுத்தேன். புளிப்பு, லேசான கசப்பு, பின்னாலேயே எண்ணெயின் வழுவழுப்பு. பக்கெட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு வாய். அதுவும் தங்கியது. தட்டு காலியானபோது அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நான் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் வந்த கணவர் முதலில் நம்பவே இல்லை. "உண்மையச் சொல்லு, கொட்டிட்டியா?" என்றார். நம்பிய பிறகு ஆளே மாறிவிட்டார். சமைத்ததை ஃபேனுக்கு அடியில் வைத்துக் காவல் காப்பார். "தொடாத, இன்னும் ஆறலை!"

அதன் பிறகு மாடியிலிருந்து ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. தக்காளியில் வெந்த பீன்ஸ். வினிகர் சொட்டு விட்ட மைசூர்ப் பருப்பு. துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரில் வெள்ளரிக்காய். எல்லாம் ஆறினது. என்றைக்கும் ஒரே தட்டு, எதிரெதிரே நாங்கள் இரண்டு பேர். எடை மெல்ல ஏறியது. "என்னம்மா சாப்பிட்டே?" என்று டாக்டர் கேட்டபோது, "புல்லு டாக்டர்" என்றேன்.

எட்டாம் மாதம் கார் வைத்து அம்மா வீட்டுக்குப் போக டாக்டர் அனுமதித்தார். அவள் இறங்கி வந்து என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

மகள் திருப்பத்தூரில் பிறந்தாள். கணவர் லீவு போட்டு வந்து, கொஞ்ச நாள் உடனிருந்துவிட்டு ஈஜிபுராவுக்குத் திரும்பியபோது மாடி வீடு காலியாக இருந்தது. கப்பல்காரர் வந்து அவளை அழைத்துப் போய்விட்டாராம். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

"போறப்போ ஒன் பொஞ்சாதியத்தான் கேட்டுச்சுப்பா. பாப்பா ஆச்சா, பாப்பா ஆச்சான்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சு. எனக்கு கொத்தில்லைன்னுட்டேன்" என்றார் வீட்டுக்காரம்மா. கொத்தில்லை என்றால் தெரியாது.

என் மகள் இன்று சட்டமாக உட்கார்ந்து தட்டு நிறையச் சாப்பிடும்போதெல்லாம், எங்கோ ஒரு கடலோர ஊரில் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேராத பதில் இதோ என் எதிரே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.