இரண்டாவது போலிப் பிம்பம்

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் விளங்கப்படுத்துவது, படிப்பதைவிடக் கொஞ்சம் கடினம். ஆரா நகரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்யும் அப்பா, என் டிப்ளோமா வேலை என்னவென்று ஒருநாள் கேட்டார்.

"தலையிலை மாட்டுற ரீவி ஒண்டு அப்பா. அதுக்குள்ளை ஒரு விளக்கைக் காட்டினால் ரெண்டு விளக்குத் தெரியுது. ரெண்டாவதை இல்லாமல் பண்ணுறதுதான் என்ரை வேலை."

"கண்ணாடியைத் திருத்தினால் சரிதானே?"

"கண்ணாடி செய்யிறவை தங்களாலை ஏலாது எண்டிட்டினம்."

"அப்ப உன்னாலை ஏலுமாமோ?"

"அதைக் காட்டினால்தான் டிப்ளோமா. இல்லாட்டி இன்னொரு வருசம்."

இன்னொரு வருடம் என்பது மட்டும் அப்பாவுக்கு வடிவாக விளங்கிவிட்டது.

அது தொண்ணூறுகளின் பிற்பாதி. எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருவி ஒரு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டு கிடக்கும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை முன்பக்கம் மட்டும் ஊதிவிட்டது போன்ற உருவம். உள்ளே நெற்றிப் பக்கம் இரண்டு குட்டித் திரைகள். அவற்றின் படத்தைச் சரிவான ஒரு கண்ணாடி கண்ணுக்குத் திருப்பிவிடும். ஆனால் கொஞ்ச வெளிச்சம் கண்ணாடிக்கும் கண்ணுக்கு முன்னாலுள்ள வில்லைக்கும் இடையில் ஒருதரம் சும்மா போய்வந்து, பிந்திய ரயிலில் வந்தவனைப்போல வேறொரு இடத்தில் இறங்கும். அதனால் சோதனைப் படமாக வைத்திருந்த இரவுத் தெருவில், வெள்ளைத் தெருவிளக்குக்கு இரண்டு விரல் கீழே, தண்ணீர் கலந்த பாலைப்போல இன்னொரு விளக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைப் பேய்ப்படம் என்றார்கள். நான் போலிப் பிம்பம் என்றே எழுதிவைத்தேன். பேய் என்று வீட்டில் சொல்லியிருந்தால் அம்மா என்னை ஐயரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பா.

என் வழி எளிமையானது. கண்ணாடி எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சத்தைக் கூட்டும் என்று தெரிந்தால், அதே இடத்தில் அதே அளவைப் படத்திலிருந்து முன்கூட்டியே கழித்துவிடலாம். பிறகு கண்ணாடி வழக்கம்போலத் தன் தப்பைச் செய்ய, கழித்த இடம் நிரம்பிவிடும். ஒரேயொரு சிக்கல், முழு இருட்டிலிருந்து எதையும் கழிக்க முடியாது. ஆகவே இருட்டைக் கொஞ்சம் சாம்பல் நிறமாக உயர்த்தினேன். பக்கத்து மேசையில் வேலை செய்த சக மாணவன் போட்டுப் பார்த்துவிட்டு, "உன் இரவு ஓல்டன் ஆற்றங்கரை மூடுபனி மாதிரி இருக்கிறது. ஆற்றுக்குள் விழுந்துவிடப் போகிறேன்" என்றான்.

அளப்பதெல்லாம் கண்ணால்தான். கவசத்தைப் போட்டுக்கொண்டு, திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியை ஏற்றி, போலி எங்கே தெரிகிறது என்று பார்த்து, விசைப்பலகையைத் தட்டித் தட்டி அந்த இடத்தை இருட்டாக்க வேண்டும். போலி மறைந்ததும் அளவைப் பதிந்துவிட்டு அடுத்த புள்ளி. இப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகள். கழுத்து இரும்பாகிவிடும்.

மூன்றாம் கிழமையின் தொடக்கத்தில் ஓர் அதிசயத்தைக் கண்டேன். படத்தின் கீழ்ப்பாதியில், ஏற்கெனவே தெரிந்த போலியைத் தவிர, பரந்த மென்மையான ஒரு மங்கலும் இருந்தது. என் டிப்ளோமா வேலையைக் கவனித்த பொறுப்பாளரின் கணக்கில் அது இல்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நாளுக்கு நாள் அது கூடியும் வந்தது. நான் அதற்கு 'இரண்டாவது போலிப் பிம்பம்' என்று பெயரிட்டு, அளந்து, அதையும் கழித்து, அறிக்கையில் நான்கு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் பொருள் அதுதான்.

பொறுப்பாளர் அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அங்கிருந்து வெளிச்சம் வர வழியில்லையே."

"ஆனால் வருகிறது, ஐயா. நீங்களே பாருங்கள்."

பார்த்தார். வந்தது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பரீட்சைக்கு முதல்நாள் காலையில் சூக் நகரிலிருந்து வெளிப் பரீட்சகர் வருகிறார் என்று பொறுப்பாளர் ஆய்வுக்கூடம் முழுவதையும் துடைக்கத் தொடங்கினார். இந்த நாட்டில் விருந்தாளி வருகிறார் என்றால் அலுமாரியின் மேல்தட்டையும் துடைப்பார்கள். நான் உள்ளே போனபோது அவர் கவசத்தைக் கவிழ்த்து வைத்து, சரிவுக் கண்ணாடியை மெல்லிய துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். நான் திகைத்துப்போனேன். வேலை தொடங்கிய அன்றே அவர் 'கண்ணாடியைத் தொட வேண்டாம்' என்று சொல்லியிருந்தார். நானும் மூன்று கிழமையாக ஒரு விரல்கூட வைக்கவில்லை.

அவர் துடைத்து முடித்ததும் கவசத்தைப் போட்டுப் பார்த்தேன். தெருவிளக்கு ஒன்றுதான் இருந்தது. ஆனால் தெருவின் கீழ்ப்பாதியில், யாரோ ஈரச் சாக்கைப் போட்டதுபோல ஒரு கறுத்த திட்டு.

"படம் கெட்டுப்போய்விட்டது" என்றேன்.

பொறுப்பாளர் துணியை என் முன்னால் நீட்டினார். வெள்ளையாக மாவு போன்ற தூள். முகர்ந்து பார்த்தார். "சோக்குக்கட்டித் தூளா?"

எனக்கு விளங்கிவிட்டது. அது கந்தசட்டி விரதக் காலம். எனக்காகத்தான் அம்மா விரதம் இருந்தா. வேலை முடிந்து தினமும் திரிம்பா ஊரிலுள்ள கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து, காலையில் நான் சப்பாத்துப் போடும்போது மூன்று விரலாலும் நெற்றி நிறையப் பூசிவிடுவா. கவசத்தின் நெற்றிப்பட்டி அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியின் மேல் கொட்டியிருக்கிறது. நான் அதை அளந்து, பெயரிட்டு, கழித்தும் இருக்கிறேன். இப்போது தூள் போய், கழித்த இருட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

"சாம்பல்" என்றேன்.

"இங்கே புகைக்கக்கூடாது என்று தெரியும்தானே?"

"சிகரெட் இல்லை ஐயா. கோயில் சாம்பல்."

பக்கத்து மேசைக்காரன் கதிரையோடு உருண்டு வந்தான். "பிறகென்ன, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்து தூவிவிடு. படம் சரியாகிவிடும்."

சிரித்தேன். ஆனால் ஒரு நிமிடம் அதையும் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. பொறுப்பாளர் துணியை மடித்து என் அறிக்கையின் மேல் வைத்தார். நான் அந்த நான்கு பக்கங்களையும் அறிக்கையிலிருந்து கழற்றினேன். குளியலறையில் நெற்றியைக் கழுவிவிட்டு வந்து, கீழ்ப்பாதிப் புள்ளிகள் எல்லாவற்றையும் திரும்ப அளக்கத் தொடங்கினேன். பக்கத்து மேசைக்காரன் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லப் பதிந்தான். பின்னேரம் ஐந்தரைக்குத் திட்டு மறைந்தது.

மறுநாள் காலையில் அம்மா திருநீற்றுத் தட்டத்தோடு கதவடியில் நின்றா.

"இண்டைக்கு நெத்தியிலை வேண்டாம் அம்மா."

"சோதினை நாளிலையோ? என்ன கதை கதைக்கிறாய்?"

"கண்ணாடியிலை கொட்டுது. நேற்று முழுக்க அதாலைதான் மாரடிச்சனான்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தா. "அப்ப சேட்டைக் கழட்டு."

நெஞ்சிலும் இரண்டு தோளிலும் பூசிவிட்டா. "இனி உங்கை எங்கையாவது கொட்டினால் என்னைக் கேளாதை."

சூக்கிலிருந்து வந்த பரீட்சகர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. கவசத்தைப் போட்டுக்கொண்டு, திருத்தத்தை நிறுத்தச் சொன்னார். "இரண்டு விளக்கு." போடச் சொன்னார். "ஒன்று." நிறுத்து, போடு, நிறுத்து, போடு என்று சுவிட்ச் கிடைத்த பிள்ளையைப்போல விட மனமில்லாமல் செய்துகொண்டிருந்தார். பிறகு அறிக்கையைப் புரட்டினார்.

"நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு நாற்பத்தைந்து வருகிறதே?"

பக்க எண்களைத் திருத்த மறந்திருந்தேன். பொறுப்பாளர் யன்னலைப் பார்த்தார். நான் முழுவதையும் சொன்னேன்: விரதம், நெற்றிப்பட்டி, துணி, கறுத்த திட்டு. பரீட்சகர் ஒருதரமும் சிரிக்கவில்லை.

"உங்கள் முறை தூசியையும் காட்டிக்கொடுக்கிறது என்பது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "அந்த நான்கு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பின்னிணைப்பாகச் சேர்த்தால்தான் கையெழுத்திடுவேன். அடுத்த மாணவர் முதலில் துடைத்துவிட்டு அளப்பார்."

பின்னிணைப்புக்குத் தலைப்பு வேண்டும். திருநீற்றை ஜெர்மனில் என்னவென்று எழுதுவது? சாம்பல் என்றால் தீவிபத்து என்று நினைப்பார்கள் என்றார் பொறுப்பாளர். புனிதச் சாம்பல் என்றால் யாருடையது என்று கேட்பார்கள் என்றார் பரீட்சகர். அரைமணி நேரம் மூவரும் கதைத்து, கடைசியில் 'நெற்றியிலிருந்து விழும் நுண்ணிய வெள்ளைத் தூளினால் ஏற்படும் அளவீட்டுப் பிழை' என்று முடிவாயிற்று. நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். பரீட்சகர் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தார்.