அக்கா கேட்ட தண்ணீர்

எங்கள் அக்கா பிறந்தது தாயில்பட்டியில். அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு எட்டு. அந்த வருடமே வெடி கம்பெனியில் சரவெடி பின்னப் போனார். என்னைப் படிக்க வைத்துச் சாத்தூரில் கட்டிக்கொடுத்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று ஒருநாள் படுத்து நான் பார்த்ததில்லை.

கர்ப்பப்பையில் கட்டி என்று விருதுநகரில் பெரிய ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே முடிந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. மறுநாள் நர்ஸ் வந்து, "எம்புட்டு தண்ணி கேட்டாலும் குடுங்க. மெதுவா எந்திரிச்சு நடக்க விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு, பார்க்க வந்திருந்த பெரியம்மா என்னைத் தடுத்தார். "வயித்தக் கிழிச்சுத் தச்சிருக்காக. தண்ணி குடிச்சா தையல்ல சீழ் வச்சிரும். அசையாமப் படுக்கட்டும்." சுற்றி நின்ற உறவினர் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். படித்த நானும் நம்பித் தொலைத்தேன்.

"ஏ பிள்ள, நாக்கு ஒட்டுது. ஒரு மடக்கு தாயேன்."

"பொறுத்துக்கோங்கக்கா, உங்க நல்லதுக்குத்தான்" என்று நனைத்த பஞ்சை உதட்டில் தடவினேன். வீட்டுக்கு வந்தும் அதே காவல்தான்; மாத்திரைக்கு ஒரு மடக்கு, வேளைக்கு அரை டம்ளர் கஞ்சி, அவ்வளவே. கழிப்பறைக்குத் தவிர கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை.

பத்தாம் நாள் இடது கால் வீங்கியது. சிறுநீர் பிரியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"தண்ணி குடுக்கலையா?" என்றார் டாக்டர். பஞ்சில் நனைத்துத் தடவியதைச் சொன்னேன். காலில் இரத்தம் உறைந்திருந்தது, சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் தொடங்கினார்கள். இனித் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். குடம் குடமாகக் கொடுக்க அப்போது நான் தயாராக இருந்தேன்.

"இப்பயும் தர மாட்டேங்கியே" என்றார் அக்கா.

டயாலிசிஸ் தொடங்கிய நான்காம் நாள் இரவு உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்தது. காலையில் உயிர் பிரிந்தது.

மாறி மாறி மருத்துவமனையில் துணைக்கு இருந்த கம்பெனிப் பெண்களுக்கும், சரியானதைச் சொன்ன அந்த நர்சுக்கும் நன்றி. யோசனை சொன்ன உறவினர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்ளுங்கள். அக்காவின் இந்த நினைவு மலரில் 'விதிவசத்தால்' என்று போடும்படி எழுதித் தந்தீர்கள். சிவகாசி அச்சகத்தில் நின்று அந்த வரியை நானே கோடு போட்டு நீக்கினேன். அக்கா தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கவில்லை.