பல்பு தின்னி

டப்பென்று ஒரு சின்னச் சத்தம். மேசை இருண்டது. முன்பல் ஒன்றின் ஓரத்தில் சாம்பல் நிறம் வைத்துக்கொண்டிருந்த அவள் தூரிகை அந்தரத்தில் நின்றது.

"போச்சா?" என்று கூடத்திலிருந்து மாமியார் கேட்டார். குரலில் வியப்பே இல்லை. "போன தடவ மாட்டினது இன்னும் பழசாகவே இல்ல. அதுக்குள்ள தின்னுட்டியா?"

"நான் என்னத்த அத்தை தின்னேன்? உக்காந்து வேலதான செய்யறேன்."

"ஆமா, நீ உக்காந்துதான் இருக்க. பல்புதான் உன்னப் பாத்துட்டு உயிர விடுது."

பல்பு தின்னி. அந்த வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர் அது. விளையாட்டுக்கு வைத்தது கணவன். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது பக்கத்து வீட்டுக்காரிகூட வாசலில் பார்த்தால், "என்ன பல்பு தின்னி, சாப்டாச்சா?" என்கிறாள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் வேண்டும். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் என்று இன்னொரு பெயர் வரும்.

அவளுக்குப் பல் லேபில் வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பீங்கான் பல் செய்கிற இடம். அச்சு கழுவுகிற தொட்டியில் தொடங்கியவள், இன்று முன்பல்லுக்கு நிறம் தீட்டுகிறாள். வெள்ளையாக ஒரு பல் செய்வது யாருக்கும் வரும். டீ குடித்து மங்கி, ஓரம் தேய்ந்து போன பக்கத்துப் பல்லோடு அது சண்டை போடாமல் நிற்க வேண்டுமே, அதில்தான் பாடு. லேபில் அவளைப் 'பல்லக்கா' என்பார்கள். அதைக் கேட்டு அவள் மனதாரச் சிரிப்பாள்.

மாலையில் மகள் பள்ளி விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னது இந்த வீடுதான். அதனால் நிறம் தீட்டும் வேலையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போக லேப் முதலாளி சம்மதித்தார். சமையலறை மூலையில் ஒரு மேசை. அதற்கு மேலே மாமனார் தன் கையால் பொருத்திய ஹாலஜன் ஸ்பாட்லைட். வேறு விளக்கு போட்டுப் பார்க்காமல் இல்லை. "எல்.இ.டி. போட்டா காலத்துக்கும் எரியும்" என்று கணவன் ஒன்று வாங்கி வந்தான். அந்த வெளிச்சத்தில் அழகாகச் சேர்ந்த பல், பகல் வெளிச்சத்தில் நீலம் பாரித்துப் போய்த் திரும்பி வந்தது. மறுநாளே அவள் பழைய விளக்குக்கு மாறிவிட்டாள்.

ஆனால் அந்த விளக்குதான் அற்பாயுசில் போகிறது. மாமனார் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "அடுத்து மாட்டற பல்பும் போச்சுன்னா மேசைய எடுத்துடலாம்மா. லேப்லயே முடிச்சுட்டு வந்துடு. ஓயாம எரிச்சா எந்த பல்புதான் தாங்கும்?"

லேபில் முடிக்க நேரம் ஏது? மேசை போனால் முன்பல் வேறொருத்தி கைக்குப் போகும். அவள் மறுபடி தொட்டிக்குப் போவாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், "ஒரு பல்புக்கு இவ்வளவு பேச்சா, விடு" என்று கணவன் புரண்டு படுத்துக்கொண்டான்.

மாமனார் லாரி ஓட்டி ஓய்ந்தவர். தெருவில் அவருக்கு 'ஸ்பேனர்' என்று பெயர். மிக்ஸியோ மிதிவண்டியோ, எது கெட்டாலும் அவர் கைதான். பல்பு மாற்றுவதும் அவர் மட்டுமே. கடையில் எரியவிட்டுப் பார்ப்பார். "டப்பாவப் பாத்து வாங்கறவன் ஏமாளி" என்று டப்பாவை அங்கேயே வீசிவிட்டு, பல்பைச் சட்டைப் பையில் வெறுமனே போட்டுக்கொண்டு வருவார். முழங்காலுக்கு வலித் தைலம் தேய்த்துக்கொண்டு ஸ்டூலில் ஏறுவார். சுண்டுவிரல் நுனி அளவே உள்ள அந்தக் கண்ணாடிக் குமிழில் 'ஹா' என்று ஊதி, கட்டைவிரலால் பளபளவென்று தேய்த்து, அதன் பிறகே அதே விரலால் அழுத்தி மாட்டுவார். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் வேலை.

இந்த முறை அவர் முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டது. அதனால் கடைக்கு அவள் போனாள்.

கடைக்காரர் டப்பாவைத் திறந்தார். ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து, அதற்குள் பல்பைப் பிடித்து எடுத்தார். பீங்கான் பல்லை இடுக்கியால் அன்றித் தொடாத அவள் கண்ணுக்கு அது உடனே பட்டது.

"ஏங்க, கையால தொடாம எடுக்கறீங்க?"

"தொடக் கூடாதும்மா. விரல் எண்ணெய் ஒட்டிக்கும். எரியறப்ப அந்த எடத்துல கண்ணாடி வெளுத்துப் பொங்கிடும். அப்புறம் அது ரொம்ப நாள் தாங்காது. டப்பாலயே படம் போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது. மிளகு அளவில் ஒரு கை, அதன் குறுக்கே ஒரு கோடு.

"எங்க மாமா வாங்க வர்றப்ப இதச் சொன்னீங்களா?"

"யாரு, ஸ்பேனர் அண்ணனா?" கடைக்காரர் சிரித்தார். "லாரியவே கழட்டி மாட்டினவரு. அவருக்குப் போய் நான் சொல்றதா?"

"அவரு வெறுங்கையில பிடிச்சுப் பையில போடறதப் பாத்திருக்கீங்கல்ல?"

"பாத்திருக்கேன். பெரியவரு, மூஞ்சிக்கு நேரா சொன்னா நல்லாவா இருக்கும்? 'ஏன் சீக்கிரம் போகுது'ன்னு கேட்டாரு. 'வீட்ல ஓயாம எரிப்பாங்க போல'ன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லி வெச்சேன்."

மாமனார் வாயிலிருந்து வந்த அதே சொல். தீர்ப்பு இந்தக் கல்லாப் பெட்டிக்குப் பின்னாலிருந்துதான் புறப்பட்டிருக்கிறது.

"உங்க 'ஒரு பேச்சு'தான் இப்ப என் பொழப்பத் தூக்கிட்டுப் போகப்போகுது" என்றாள். டப்பாவோடு பல்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வழியெல்லாம் உள்ளே கொதித்தது. ஒரு பெரியவர் முகம் வாடக் கூடாது என்று எல்லோரும் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். அதற்கு எப்போதும் வாடுவது யார் முகம்? கோபம் அவள் பக்கமும் திரும்பியது. அவர் தேய்ப்பதை அவளும்தானே கீழே நின்று பார்த்திருந்தாள்? சூளைக்குப் போகும் பல்லில் யாராவது விரல் வைத்தால் லேபே அதிரக் கத்துகிறவள், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாளா? ஸ்டூலைப் பிடிக்கிறவள் வாய் திறக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டாள். மாமனார் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் கறுத்தது.

"அப்ப, என் கை பட்டா வெளங்காதுங்கற."

"கேட்டீங்களா கதைய!" என்றார் மாமியார். "பல்பையும் தின்னுட்டு, பழிய எங்க கொண்டு போய்ப் போடறா பாருங்க."

அவள் ஒரு நொடி தடுமாறினாள். கிரீஸ் கையோடு இதைத் தொடாதே, அதைத் தொடாதே என்று சரக்கு இறக்கிய இடமெல்லாம் கேட்டு வளர்ந்த கை அது. அந்தக் கதையை அவரே அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். இதோடு விட்டுவிட்டால் நல்ல மருமகள். மேசையும் போகும்.

விடவில்லை. மாமனார் எதையும் தூக்கிப் போடாதவர். செத்த பல்புகளைக்கூட ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். அதை எடுத்து வந்து ஒரு பல்பை அவர் கையில் வைத்தாள். பல்லைப் பார்க்கும் உருப்பெருக்கியையும் கொடுத்தாள்.

"பாருங்க மாமா."

கண்ணாடியில் வெண்மையாகப் பூத்த ஒரு திட்டு. அதன் நடுவே சாய்வாக, மெல்லிசாக, வெள்ளை படியாத ஒரு கோடு. அவர் அடுத்த பல்பை எடுத்தார். அதிலும் அதே கோடு. அடுத்ததிலும்.

அவர் தன் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். எப்போதோ ஃபேன் பெல்ட் அறுத்த தழும்பு அதில் சாய்வாக ஓடியது. தழும்பில் எண்ணெய் ஊறுவதில்லை.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"அந்தப் படுபாவி ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று மாமனார் வெடித்தார். "நாளைக்கு அவன் கடைக்கே போய்..."

"கடைக்காரர அப்புறம் பாத்துக்கலாம். நீங்க என்னைச் சொன்னீங்களே மாமா, அத என்ன பண்றது?"

அவர் கையை ஊன்றி மெல்ல எழுந்தார். நொண்டிக்கொண்டே போய் ஸ்டூலை மேசையருகே இழுத்துப் போட்டார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறும்மா."

சுவிட்சை அணைத்துவிட்டு ஏறினாள். காகிதத்தை மடித்துப் பல்பைப் பிடித்து, உள்ளே தள்ளினாள்.

"பாத்து ஏறு, பல்பு தி..." என்று கூடத்திலிருந்து ஆரம்பித்த மாமியார் பாதியில் நிறுத்தினார்.

"நான்தான் பல்பு தின்னி" என்றார் மாமனார் கீழிருந்து. "என்னைக் கூப்பிடு."

மாமியார் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் சிரித்தது போதும். ஸ்டூலில் நின்றபடியே கேட்டாள்.

"மேசைய எடுத்துடணும்னு சொன்னீங்க."

"இருக்கட்டும்மா."

"இருக்கட்டும்னா? அடுத்தது என்னைக்காவது போனா?"

"போனா இன்னொண்ணு மாட்டு. மேசை இங்கதான் இருக்கும்."

"அத்தைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். பின் கூடத்துப் பக்கம் திரும்பி, லாரியில் உரக்கப் பேசிப் பழகிய அந்தக் குரலில் சொன்னார்:

"மேசை இங்கதான் இருக்கும்!"

அவள் இறங்கி வந்து சுவிட்சைப் போட்டாள். பாதியில் நின்ற முன்பல் மேசை மேல் கிடந்தது. அதை இடுக்கியால் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.