அரும்பாவூர் வெங்காயத் தாளும் உப்பில்லாத ஐஸும்

சின்ன வெங்காயத் தாளின் ஒரு செல்லை, அது உயிரோடிருந்த கோலத்திலேயே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். 1985 ஆகஸ்டில் நான் அரும்பாவூர் போனது இதற்காகத்தான். சந்தையில் வாங்கிய தாளை வைத்து முதல்முறை செய்தபோது படத்தில் கந்தல்தான் தெரிந்தது. சென்னையில் அந்தக் கருவி எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அதுவும் வீணானால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிக்கொள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இப்படிச் செல்லைத் தேடி வயலுக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து பெரம்பலூர் அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். முந்தைய இரவு அங்கே தோழி வீட்டில் தங்கினேன். காலை ஐந்தரைக்கு அரும்பாவூர் பஸ், டிக்கெட் இரண்டே கால் ரூபாய். வெயில் ஏறினால் தாள் தண்ணீரை இழந்து செல் சுருங்கிவிடும். அதனால்தான் இந்த அவசரம். பச்சைமலை மேல் மேகம் கலையும் முன் தோழியின் அத்தை செல்லம்மாவின் வயலில் இறங்கிவிட்டேன்.

மைக்ராஸ்கோப்புக்குள் காற்றே கிடையாது. ஈரமான, உயிருள்ள செல் அங்கே நிற்காது. ஆகவே அதை நொடியில் கொல்ல வேண்டும். ஆனால் உள்ளே எதுவும் இடம் மாறக் கூடாது. கண்ணாடித் தகட்டில், செல்லை அப்படியே நிலைநிறுத்தும் மருந்தின் ஒரு துளி, அதற்குள் தாள், புது பிளேடு. கடுகைவிடச் சிறிதாக நறுக்கினேன். ஆடிக் காற்று துளியைத் துடைத்துக்கொண்டு போகப் பார்த்தது. அத்தை சாக்கை விரித்து மறைத்து நின்றார்.

துண்டுகள் மருந்தில் மிதந்தன. உள்ளே காற்று இருக்கும்வரை மருந்து இறங்காது. ஊசிக் குழலுக்குள் போட்டு, முனையை விரலால் அடைத்துக்கொண்டு உள்தண்டைப் பின்னால் இழுத்தேன்.

“ஏன் புள்ள, வெங்காயத்துக்கு ஊசி போடுறியா?”

“உள்ள இருக்கற காத்த எடுக்கறேன் அத்தை.”

“அப்ப எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போ. முழுக்கக் காத்துதான்!”

சிரித்து முடிப்பதற்குள் துண்டுகள் ஒவ்வொன்றாகக் குமிழி விட்டு அடியில் இறங்கின. ஒரு நிமிடம் முன்புவரை வெயிலிலிருந்து சர்க்கரை செய்துகொண்டிருந்தவை. எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

துண்டுகளை மருந்தோடு மூன்று கண்ணாடிக் குப்பிகளில் மாற்றி, அகல வாய் ஃபிளாஸ்கில் ஐஸுக்குள் வைத்தேன். பத்து மணிக்குப் பெரம்பலூர் திரும்பியபோது ஐஸ் வெறும் தண்ணீராகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லப்பைக்குடிக்காடு ஊர்க்காரர் ஒருவரின் ஐஸ்கிரீம் கடை. கல்யாண ஆர்டருக்காக ஐஸ்கிரீம் மரத்தொட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“திருச்சி போற வரைக்கும் ஜில்லுன்னு இருக்கணும் பாய்.”

“கவலப்படாதம்மா. கல்லாட்டம் ஆக்கிக் குடுக்கறேன்.”

தொட்டியில் இருந்த ஐஸையே ஃபிளாஸ்கில் அள்ளிப் போட்டார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பியபோது, அதன்மேல் கல்லுப்பைத் தூவி மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். உப்பு சேர்ந்த ஐஸ் குளிர்விப்பதோடு நிற்காது, உறைய வைத்துவிடும். உறைந்தால் செல்லுக்குள் ஐஸ் ஊசிகள் முளைத்துச் சவ்வுகளைக் கிழிக்கும்.

“பாய், வேண்டாம்! அது ஐஸ்கிரீம் இல்ல, வெங்காயம்!”

சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “வெங்காய ஐஸா? அதுவும் வந்துடுச்சா?”

குப்பிகளை வெளியே எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டில் துண்டுகள் வழுக்கி நகர்ந்தன. மூன்றாவதன் ஓரத்தில் மெல்லிய வெள்ளைச் சரிகை.

“செத்துப்போச்சாம்மா?” பாயின் குரல் இறங்கியிருந்தது.

“வயல்லயே செத்துடுச்சு பாய். ஆனா செத்த மாதிரி தெரியக் கூடாது. எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டு போகணும்.”

“மய்யித்த அடக்கம் பண்ற வரைக்கும் வச்சுக்கற மாதிரி பதமா வச்சுக்கணும்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?”

ஃபிளாஸ்கை இரண்டு முறை கழுவினார். ஐஸ் பாரிலிருந்து புதுத் துண்டு உடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு குப்பியையும் இரண்டு கையாலும் இறக்கினார். இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஏழு மணிக்குள் நறுக்கி முடியுங்கள். மருந்தின் நெடி கண்ணைக் கரிக்கும். காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். ஐஸில் தண்ணீர் கலந்திருக்கட்டும், அப்போது உறையாது. ஐஸ் வாங்கும்போது எதற்கு என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். பெரம்பலூரில் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

செப்டம்பரில் சென்னை. இருட்டறை, பச்சையாய் ஒளிரும் திரை. மூன்றாவது குப்பியின் துண்டு பூச்சி அரித்த துணிபோல் ஓட்டை ஓட்டையாக வந்தது. அடுத்ததை வைத்தோம். செல் சுவர் முழுதாக இருந்தது. அதை ஒட்டிப் பச்சையம் தங்கும் பசுங்கணிகங்கள், அவற்றுக்குள் அடுக்கடுக்காகச் சவ்வுகள், ஒன்றுகூடக் கிழியவில்லை.

“இதப் படம் எடு. இன்னொண்ணும் எடு” என்றார் பேராசிரியர்.

ஓரத்தில் ஒரு பசுங்கணிகம் மட்டும் நடுவில் இடுப்பு சிறுத்து நின்றது. இரண்டாகப் பிரியத் தொடங்கியிருந்தது. அரும்பாவூரில் அந்தக் காலையில் பாதியில் நின்றுபோன வேலை, அப்படியே இருந்தது.