என் கருவியில் அவள் எழுதியது

போன மார்கழியில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தது இது. நானும் என் மனைவியும் வேங்கிக்காலில் குடியிருக்கிறோம். விடிந்தும் விடியாத நேரத்தில் சைக்கிளில் மலையைச் சுற்றிவிட்டு வந்து வேலைக்குக் கிளம்புவது, கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வழக்கம்.

அதற்கு முந்தைய வருடம் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போனது. உதட்டைப் பார்த்தே நான் பேசுவதைப் புரிந்துகொள்வாள். ஆனால் பின்னால் பஸ் வந்தால் தெரியாதே என்ற பயத்தில் சைக்கிளைத் தொடுவதையே விட்டுவிட்டாள். தனியாகப் போக எனக்கும் மனம் வரவில்லை.

அப்புறம்தான், ஹேண்டில்பாரில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி ஆளுக்கொன்று வாங்கினேன். போகிற வழியைப் போனில் வரைந்து, எந்த இடத்தில் என்ன எச்சரிக்கை வேண்டுமோ அதை நாமே எழுதிச் சேர்த்துவிடலாம். அந்த இடம் நெருங்கும்போது கருவி ஒலி எழுப்பும், திரையில் நாம் எழுதியது மின்னும். அவளுக்கு எழுத்து போதுமே! செங்கம் ரோட்டிலிருந்து மலைப் பக்கம் திரும்பும் இடத்தில், ‘பஸ் வரும், திரும்பிப் பார்’ என்று எழுதினேன். வேகத்தடை, நாய்கள் படுத்திருக்கும் முனை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை அவள் தன் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தாள்.

அதிலிருந்து அவள் முன்னால், நான் பின்னால்.

அன்றைக்கு ஒரே பனி. மலையையே காணோம். மரங்கள் திடீரென்று எதிரில் வந்து, திடீரென்று கரைந்தன. மேகத்துக்குள் மிதித்துப் போவது போல் சுகமாக இருந்தது. அடி அண்ணாமலை தாண்டியதும் என் செயின் கழன்றது.

“நில்லு!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. அவளுடைய சிவப்பு விளக்கு சின்னதாகிக்கொண்டே போய்ப் பனிக்குள் மறைந்தது.

செயினை மாட்டும்போதே ஒரு டிராக்டர் என்னைக் கடந்து அவள் போன பக்கம் போனது. கொஞ்ச தூரத்தில் ஹாரன் விடாமல் அலறிவிட்டு, சட்டென்று ஓய்ந்தது. செயினை எப்படியோ மாட்டிவிட்டு ஏறினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மிதித்தேன்.

ஓரத்தில் டீக்கடைக்காரர், “இன்னா சார், யாரைக் கூப்புடறீங்க?” என்றார்.

“சைக்கிள்ல ஒரு லேடி போனாங்களா?”

“பனியில ஒண்ணும் தெரியலியே சார்.”

இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்பேன். என் கருவி ஒலித்தது. அந்த இடத்தில் நான் எதுவும் எழுதியதே இல்லை. திரையில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்துப் படித்தேன். ‘இங்க நிப்பேன். கத்தாதீங்க, எனக்குக் கேக்காது.’

நிமிர்ந்தால், குளத்துச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தாள். சற்றுத் தள்ளி, ரோட்டில் படுத்திருந்த மாட்டை டிராக்டர்காரர் எழுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“எப்ப எழுதின?”

“நேத்து நீங்க குளிக்கப் போனப்ப, உங்க போன்ல. எனக்கு மட்டும் அவ்ளோ எழுதினீங்க. வழியில பிரிஞ்சுட்டா, என்னைவிட ஜாஸ்தி பயப்படறது நீங்கதானே?”

பிறகு என் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்: “இப்ப இங்க இன்னா சத்தம் கேக்குது? சொல்லுங்க.”

நான் அதுவரை எதையும் கவனித்திருக்கவில்லை. நின்று கேட்டேன். மயில் அகவுவதைச் சொன்னேன். எங்கோ பம்புசெட்டில் தண்ணீர் விழுவதையும், கோயில் ஸ்பீக்கரில் பாட்டு தேய்ந்து தேய்ந்து வருவதையும் சொன்னேன். இலையிலிருந்து பனி சொட்டுகிறது என்றேன்.

“அதுக்குக்கூடவா சத்தம்?”

“ம். ரொம்ப மெதுவா.”

அவள் தலையை உயர்த்தி அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி விலக விலக, மலை எங்கள் எதிரில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து நின்றது.

இப்போதெல்லாம் எங்கே என்ன சத்தம் கேட்டாலும், வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்ல வேண்டுமே என்று, ஒரு நிமிடம் நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.