கம்பவுண்டர் கஸ்பார் பேசாமல் இருந்தது

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த கஸ்பாருக்குக் கையைவிட வாய் வேகம். மருந்து கலக்கியபடியே, யாருக்குப் பேதி, யாருக்குச் சொறி என்று பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பார். காசநோய், தொழுநோய் என்றால் மட்டும் வாயே திறக்கமாட்டார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அறுபதுகளின் தொடக்கம். சின்னாளப்பட்டி நெசவாளர் வீட்டுப் பெண் சுப்புத்தாய் காசநோய்க்கு ஊசி போட வந்துகொண்டிருந்தாள். முக்கால்வாசி குணமாகியிருந்தது. வைகாசியில் பரிசம் போடுவதாகப் பேச்சு. ஒருநாள் அவள் ஊசி போட்டுக்கொண்டு போனதும், மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்லுசாமி பல்வலி என்று வந்து உட்கார்ந்தார்.

"கம்பவுண்டரே, நம்ம கண்ணுசாமிக்கு என்னவாம்?"

"மொச்சைய அள்ளித் தின்னுட்டு வாயுங்கிறாரு."

"காளியம்மாளுக்கு?"

"சேத்துப்புண்ணு."

"இப்பப் போச்சே, சின்னாளப்பட்டிப் புள்ள. அதுக்கு?"

கஸ்பார் குப்பியைக் குலுக்கினார். "நோயாளி சமாச்சாரம் வெளிய சொல்லக்கூடாதுங்க."

நல்லுசாமி அவரையே பார்த்தார். "சரி, புரிஞ்சுபோச்சு" என்று எழுந்தவர், பல்வலி மருந்துகூட வாங்காமல் போய்விட்டார்.

அப்போதுதான் கஸ்பாருக்கு உறைத்தது. மற்றவர்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசிப் பேசி, தன் மௌனத்துக்கு ஊரே அர்த்தம் கண்டுபிடிக்கும்படி செய்திருந்தார்.

சின்னாளப்பட்டி பஸ்ஸில் ஏறினார்; போய் என்ன சொல்வது என்று தெரியாமல், புறப்படுமுன் இறங்கினார். வீட்டில் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"என்னத்தத் தொலைச்சுட்டு இப்பிடி அலையுறீக?" என்றாள் மனைவி லூர்தம்மாள்.

அவளிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பெண்ணின் நோயையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் முதல் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "சொல்றதுக்கில்ல."

"சேத்துப்புண்ணுக்குமாய்யா ரகசியம்? கவர்மெண்டு சீல் வச்சிருக்காக்கும்" என்று பெஞ்சு கேலி செய்தது. கஸ்பார் சிரிக்கவில்லை.

பரிசம் நின்றுபோனது. அதன் பிறகும் சுப்புத்தாய் ஊசிக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க ஒண்ணுமே சொல்லலையாமே" என்றாள்.

நன்றியா, குற்றச்சாட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "ஆமாத்தா" என்றார்.

"நாளையிலருந்து பின்வாசல் வழியா வரட்டா?"

"வேணாம்த்தா. அப்புறம் அந்த வாசலே ஊருக்குச் சொல்லிரும். எல்லாரும் வர்ற வழியிலயே வா."

அவள் போன பிறகும் கிருமி போக ஸ்டவ்வில் வைத்த ஊசி கொதித்துக்கொண்டே இருந்தது. அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.